ரத்தினவேல் ஆஜர்

"கொஞ்சம் குடிச்சுப் பாரு சுந்தரா. ஒரே ஒரு வாய்."

"வேண்டாமுங்க. அடுத்த வருசம் பாக்கலாம்."

"பதினோரு வருசமா இதையேதான் சொல்ற."

"நீங்களும் பதினோரு வருசமா கேக்கறீங்க. சலிக்கவே இல்லியாக்கும்."

"இப்பச் சலிச்சுப் போச்சு." ரத்தினவேல் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நாவல்பழத்தைப் பிழிந்த மாதிரி ஒரு நிறம் அவர் முகத்தில் விழுந்தது. "இனிமே நான் கேக்க மாட்டேன். உனக்கா எப்பத் தோணுதோ அப்ப நீயே வாயத் தொறந்து கேளு. ஊத்தித் தர்றேன்."

"கேக்கறேன், கேக்கறேன். மொதல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாங்க."

இந்தப் பேச்சு சுந்தராம்பாளுக்கு ஒரு சொல் விடாமல் நினைவில் இருந்தது. பேசிய ஒன்பதாம் நாள், திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஓய்வாக உட்கார்ந்த ரத்தினவேல் திரும்ப எழுந்திருக்கவில்லை.

கர்நாடகத்தில் மார்டள்ளியை ஒட்டி அவர்களுக்கு இரண்டு ஏக்கர் திராட்சை. பெங்களூர்ப் பக்கம் ஒரு ஒயின் கம்பெனியில் ஒன்பது வருடம் கூலிக்கு இருந்து தொழில் கற்றுக்கொண்டு வந்து ரத்தினவேல் போட்ட தோட்டம். கடைசி வருடம் மழை கெடுத்துவிட்டது. தேறியது இருபத்துநாலு பாட்டில். அதை அவரே நிரப்பி, அவரே தக்கை அடித்து, வரிசையாகப் படுக்க வைத்துவிட்டுத்தான் போனார்.

சுந்தராம்பாளுக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த இருபத்துநாலில் ஒரு வாய். தொழில் வேண்டாம், பேர் வேண்டாம். அவர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அந்த ஒரு வாய். ஆனால் ஐம்பத்திரண்டு வயதில், நெற்றிப் பொட்டை அழித்த பிறகு, 'எனக்கு ஒயின் வேணும்' என்று எந்த வாயால் சொல்வது, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், ஆளில்லாத நேரமாகக் கொட்டகைக்குப் போய் ஒரு பாட்டிலைத் திறந்துகொள்ளலாம் என்று இருந்தாள்.

பதினேழாம் நாள் காலையில் ஜீப் வந்தது.

திராட்சை மது மேன்மை வாரியம் என்று அதன் கதவில் எழுதியிருந்தது. ஒயினில் மேன்மை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது வாரியத்தின் வேலை. கண்டுபிடிக்க வாரியத்துக்குத் தெரிந்த ஒரே வழி குடிப்பது. ஒரு தயாரிப்பாளர் இறந்துவிட்டால் அவருடைய கடைசி ஒயினுக்கு வாரியம் சான்று தரும்வரை குடும்பத்தார் அதைத் தொடக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஜீப்பில் வந்தவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். காப்பி குடித்தார்கள். இருபத்துநாலு பாட்டிலையும் வைக்கோல் சுற்றி மைசூருக்கு எடுத்துப் போனார்கள்.

முதல் விசாரணை மார்ச் நான்காம் தேதி. மைசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஜீவிதா அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும். அம்மா மடியில் வைத்திருந்த மஞ்சள் பையைப் பார்த்துவிட்டு, "ஏனம்மா இது, என்னது?" என்றாள்.

"உங்கப்பா போட்டோ. ஆபீஸ்ல அத்தாட்சி கேட்டா?"

"டெத் சர்டிபிகேட் இருக்கல்ல. போட்டோ பேடா மா, வேண்டாம்."

"இருக்கட்டும்."

பைக்குள் ரத்தினவேல் அவருடைய துண்டிலேயே சுற்றப்பட்டு இருந்தார்.

அலுவலகம் ஒரு பழைய பங்களா. உயரமான கூரை, நீளமான தாழ்வாரம், மார்ச் மாதத்திலும் கல்தரையில் ஒரு சில்லிப்பு. வாசலில் ரெஜிஸ்டரோடு சூப்பிரண்டெண்ட் மல்லம்மா இருந்தார். ரெஜிஸ்டரை விட்டுத் தலையைத் தூக்குகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"யஜமான்ரு பந்தித்தாரா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் வந்திருக்கிறாரா என்று.

சுந்தராம்பாளுக்குக் கன்னடம் புரியும். ஹனூர்ச் சந்தையில் கன்னடம் புரியாமல் தக்காளி விற்க முடியாது. ஆனால் கணவர் இறந்துவிட்டார் என்கிற வாக்கியத்தை எந்த மொழியிலும் அவள் இன்னும் சொல்லிப் பழகியிருக்கவில்லை. சாவுக்கு வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, வராதவர்களுக்கு மற்றவர்கள் சொன்னார்கள். அவள் வாயிலிருந்து வர வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. இப்போது முதல்முறையாக ஒருவர் நேருக்கு நேர் கேட்கிறார். மடியில் பை கனத்தது. அதைத் தொட்டுக்கொண்டு, "வந்திருக்காருங்க," என்றாள்.

மல்லம்மா மையில் எழுதினார். ரத்தினவேல், தயாரிப்பாளர், ஆஜர், நேரம் பத்து நாற்பது. அவர் பெயருக்குக் கீழே: சுந்தராம்பாள், உடன் வந்தவர்.

உள்ளே ஒரு நீள மேசை. நடுவில் தலைவர் விஜய்குமார். அவருக்கு வலப்பக்கம் உறுப்பினர் ஒருவர், தலையாட்டுவதற்கு. இடப்பக்கம் லீலா மேடம். அவரை வாரியத்தின் மூக்கு என்று சொல்வார்கள். ஒரு டம்ளரை முகர்ந்தே அந்தத் தோட்டத்துக் கிணற்றின் ஆழத்தைச் சொல்லிவிடுவாராம்.

"தயாரிப்பாளர் எங்கே?" என்று கன்னடத்தில் கேட்டார் தலைவர்.

ஜீவிதா டெத் சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினாள். தலைவர் அதைப் படித்தார். வாசலிலிருந்து ரெஜிஸ்டரை வரவழைத்துப் படித்தார். மறுபடி அதைப் படித்தார்.

"இதன்படி அவர் ஜனவரி இருபத்தொன்று அன்று இறந்திருக்கிறார். இதன்படி மார்ச் நான்கு, அதாவது இன்று, பத்து நாற்பதுக்கு வந்திருக்கிறார். இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால் பிந்தையதுதான் செல்லும்."

"சார், அம்மா தப்பா சொல்லிட்டாங்க. அதை அடிச்சிருங்க," என்றாள் ஜீவிதா.

வாசலிலிருந்தே மல்லம்மாவின் குரல் வந்தது. "இருபத்தாறு வருஷமா இந்த ரெஜிஸ்டர்ல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது சார்."

"கேட்டீங்களா," என்றார் தலைவர் கனிவாக. "வந்தவர் வரவில்லை என்று எழுத வழியில்லை. வேண்டுமானால் அவர் லீவு எழுதித் தரலாம். அவர் கையெழுத்தில். தருவாரா?"

யாரும் பதில் சொல்லவில்லை. தலைவர் அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அப்படித்தான் அந்த நாற்காலி வந்தது. கடைநிலை ஊழியர் சென்னப்பன் அதைத் தூக்கி வந்து மேசைக்கு எதிரில் போட்டார். ஆஜரானவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று தலைவர் சொன்னதால் ஜீவிதா போட்டோவைத் துண்டிலிருந்து பிரித்து நாற்காலியில் சாய்த்து வைத்தாள். ரத்தினவேல் வாரியத்தை நேராகப் பார்த்தார். ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோ. ஏதோ கேட்க வந்து நிறுத்திக்கொண்ட முகம்.

விதி பதினான்கின்படி தயாரிப்பாளர்தான் முதலில் சுவைக்க வேண்டும். அவர் குடிக்காததை வாரியம் குடிக்காது. பழைய காலத்தில் யாரோ எதையோ கலந்துவிட்டதால் வந்த விதி. சென்னப்பன் நாற்காலிக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு, அதில் ஒரு கண்ணாடி டம்ளர் வைத்து ஊற்றினார். அறை முழுவதும் காத்திருந்தது. மின்விசிறி சுற்றியது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் விட்டார்.

"சுவைத்தார். ஆட்சேபணை இல்லை. எழுதுங்கள்," என்றார்.

பிறகு வாரியம் குடித்தது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, இதில் நாட்டுப்பற்று இருக்கிறது, ஆனால் முதல் மடக்கில் தெரியவில்லை என்றார். மூன்றாவது பாட்டிலில் தெரியலாம் என்று வலப்பக்கத்து உறுப்பினர் தலையாட்டினார். லீலா மேடம் மட்டும் வெகுநேரம் டம்ளருக்குள் முகத்தை வைத்திருந்தார்.

"ஈரச் சாக்கு," என்றார். "வேப்பிலைப் புகை. அப்புறம் ஒரு கோபம். பெரிய கோபமில்லை. ஒரு வாரக் கோபம்."

சுந்தராம்பாள் நாற்காலியிலிருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தாள்.

இந்த ஒயினுக்குப் பழம் பறிக்கும்போதுதான் ஜீவிதாவைப் பெண் பார்க்கக் கொள்ளேகாலிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டார்கள். "ஜூஸ் போடறாருங்க," என்று சொன்னாள் சுந்தராம்பாள். கொட்டகைக்குப் பின்னால் பழக்கூடைகளின்மேல் ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டிருந்த ரத்தினவேலுக்கு அது கேட்டது. ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. இது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. ஜீவிதாவுக்குக்கூடத் தெரியாது. இப்போது முன்பின் தெரியாத ஒருத்தர் அதைக் குடித்துவிட்டுச் சொல்கிறார்.

அன்று ஏழு பாட்டில் முடிந்தது. மேன்மை தென்படவில்லை என்பதால் விசாரணை ஜூனுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

போட்டோவை எடுக்கப் போனபோது சுந்தராம்பாள் முக்காலியிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். ஊற்றியபோது இருந்த அளவுக்கு ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் பையை வைத்துவிட்டு அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கொள்ளேகாலில் ஏறிய கூட்டத்தில் ஒரு அம்மா, "அங்க ஆள் இருக்காங்களா?" என்று கேட்டாள். சுந்தராம்பாள் ஆமாம் என்றாள். இந்தத் தடவை அது தானாக வந்தது.

ஜூனில் ஏழு பாட்டில். நடைமுறை அதேதான். நாற்காலி, முக்காலி, இரண்டு நிமிடம், ஆட்சேபணை இல்லை. லீலா மேடம் இந்த முறை, "யாரோ ஒருத்தரைக் கேட்டுக்கேட்டு விட்டுவிட்ட மாதிரி ஒரு முடிவு. நாக்கில் தொக்கி நிற்கிறது," என்றார். தலைவர் அதைக் குறை என்று எழுதச் சொன்னார்.

இடையில் வீட்டுக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் வந்தது. திரு. ரத்தினவேல் அவர்களுக்கு. தாங்கள் இறந்துவிட்டதாகத் தங்கள் குடும்பத்தார் கூறியிருப்பது குறித்துத் தங்கள் விளக்கத்தை முப்பது நாளுக்குள் தர வேண்டும். விளக்கம் வராத பட்சத்தில் தாங்கள் அதை மறுப்பதாகக் கொள்ளப்படும். பெயருக்குரியவரிடம்தான் தர முடியும் என்றார் தபால்காரர். அப்புறம் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். "சரி, அவர் முன்னாடியே வெச்சுட்டுப் போறேன்," என்று போட்டோவுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சுந்தராம்பாள் காப்பி கலக்கும்போது தன்னை அறியாமல் இரண்டு டம்ளர் எடுத்தாள். ஒன்றைத் திரும்ப வைக்கவில்லை. முப்பது நாள் கழிந்தது. அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. உயிரோடு இருந்தபோதும் கடிதங்களுக்கு அவர் அப்படித்தான்.

ஆகஸ்டில் இன்னும் ஏழு. அன்று வாரியத்தின் ஆண்டு விழாவும் சேர்ந்து வந்தது. நேரம் தவறாமைக்கான சால்வையை யாருக்குத் தருவது என்று ரெஜிஸ்டரைப் புரட்டினார்கள். மூன்று விசாரணைக்கும் பத்து நாற்பதுக்கே வந்தவர் ஒருவர்தான் இருந்தார். தலைவர் எழுந்து சால்வையை நாற்காலியின் முதுகில் போர்த்தினார். பிறகு பேசினார்.

"இருபத்தாறு வருட சேவையில் எத்தனையோ தயாரிப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். ஏன் தாமதம் என்பார்கள். எதற்கு இத்தனை பாட்டில் என்பார்கள். எங்கள் மேசையில் கையை ஊன்றுவார்கள். திரு. ரத்தினவேல் ஒரு கேள்வி கேட்டதில்லை. குரல் உயர்த்தியதில்லை. நாங்கள் ஊற்றினோம், சுவைத்தார், ஆட்சேபணை சொன்னதில்லை. இந்த வாரியம் யாருக்காக ஏற்படுத்தப்பட்டதோ அந்த மனிதரை இன்றுதான் பார்க்கிறேன். உயிரோடு இருக்கிறவர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்."

வலப்பக்கத்து உறுப்பினருக்குக் கண் கலங்கிவிட்டது. கை தட்டினார்கள். பக்கத்து அறைகளிலிருந்தும் ஆட்கள் வந்து நாற்காலிக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். ஜீவிதா பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனாள். தாழ்வாரத்தில் சுந்தராம்பாள் அவளைப் பிடித்தாள்.

"கேஸ் போடறேன் மா. என் பிரெண்டோட அண்ணா வக்கீலு."

"வேண்டாம் கண்ணு."

"பின்ன என்னதான் வேணும் உனக்கு? சர்டிபிகேட்டா? பேர் மாத்தணுமா? ஆறு மாசமா வந்து வந்து உக்காந்துட்டுப் போற, வாயே தொறக்க மாட்டேங்கற. என்ன வேணும்னு ஹேளு, சொல்லு."

சுந்தராம்பாள் மகளின் தோள்பட்டையிலிருந்த நூல் பிசிரை எடுத்துப் போட்டாள். "தண்ணி குடிச்சியா நீ?" என்றாள்.

ஜீவிதா கோபமாகத் தண்ணீர் குடிக்கப் போனாள். அந்த நேரத்தில் சென்னப்பன் காலி டம்ளர்களோடு வந்தார். நஞ்சன்கூட்டில் வீடு, மைசூரில் வேலை. தமிழ் பேச ஆள் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா," என்றாள் சுந்தராம்பாள். "அவரு டம்ளர்ல வெக்கறத நீங்களா குடிக்கறீங்க? குடிச்சா குடிங்க, தப்பா நெனைக்கல."

"ஐயோ அக்கா, எனக்கு சர்க்கரை. டாக்டர் பழமே தொடக் கூடாதுன்னுட்டார். எல்லாரும் போனதும் ஜன்னல் வழியா செம்பருத்திக்குக் கொட்டிருவேன். ரூல் அதுதான். தயாரிப்பாளர் மிச்சம் வெச்சா கொட்டணும்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா கொட்டப் போறப்ப எப்பவும் ஒரு விரக்கடை கம்மியாத்தான் இருக்கு. மின்விசிறிக் காத்துன்னு நெனச்சுக்குவேன்."



"கொட்டறத வேற யாருக்காச்சும் குடுக்க மாட்டாங்களா?" என்று செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"விதி பதினஞ்சு. தயாரிப்பாளர் சம்மதம் இல்லாம வெளியாளுக்கு ஒரு சொட்டு கூடாது. பொண்டாட்டி புள்ளையானாலும் உடன் வந்தவங்கதான்." சென்னப்பன் அவளை உற்றுப் பார்த்தார். "யாருக்கு அக்கா?"

"சும்மா கேட்டேன்," என்றாள்.

ஊருக்கு வந்தபின் அவள் பலமுறை அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க முயன்றாள். பந்தலுக்குக் கீழே, கொட்டகையில், அடுப்படியில். எங்கே போனாலும் யாரோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது. அதனாலேயே சொல்ல வரவில்லை. பாட்டில்கள் மட்டும் நினைவில் குறைந்துகொண்டே வந்தன. மூன்று மிச்சம். செப்டம்பரில் மேலிடத்திலிருந்து யாரோ தசராவுக்கு வந்தார்கள் என்று ஒரு சிறப்பு அமர்வு வைத்து இரண்டைத் திறந்துவிட்டதாக சென்னப்பன் போன் பண்ணிச் சொன்னார். அன்றும் ரத்தினவேல் ஆஜர் என்று போட்டிருந்தார்களாம். போட்டோகூட அங்கே இல்லை.

அக்டோபர் கடைசியில் நான்காவது விசாரணை. மேசையில் ஒரே ஒரு பாட்டில் நின்றது.

மல்லம்மா தலையைத் தூக்காமல் பத்து நாற்பது என்று எழுதினார். நாற்காலி ஏற்கெனவே போட்டிருந்தது, சால்வையோடு. சுந்தராம்பாள் போட்டோவை வைத்தாள். சென்னப்பன் தக்கையை இழுத்தார். அந்தச் சத்தத்துக்கு அவள் திடுக்கிட்டாள். தக்கை அடிக்கும்போது ரத்தினவேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ம்' போடுவார். இருபத்துநாலாவது 'ம்' இப்போதுதான் வெளியே வந்த மாதிரி இருந்தது.

முதலில் முக்காலியிலிருந்த டம்ளர். இரண்டு நிமிடம். ஆட்சேபணை இல்லை. பிறகு தலைவருக்கு நிறைய, உறுப்பினருக்கு நிறைய, லீலா மேடத்துக்குக் கொஞ்சம். சென்னப்பன் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை.

லீலா மேடம் முகர்ந்தார். ஒரு மடக்கு குடித்தார். நாற்காலியைப் பார்த்தார், பிறகு சுந்தராம்பாளைப் பார்த்தார்.

"குறிப்பு?" என்றார் தலைவர்.

"எழுத ஒன்றுமில்லை சார். இது யாருக்காகவோ வைத்தது. நாம் இல்லை."

"அது மேன்மையா, குறையா?"

"மேன்மை என்றே போடுங்கள்."

தலைவர் நிம்மதியாகத் தன் டம்ளரைக் காலி செய்தார். பிறகு எழுந்து நின்று வாசித்தார். "திரு. ரத்தினவேல் அவர்களின் சிவப்பு ஒயின் மேன்மை வாய்ந்தது என்று இந்த வாரியம் ஒருமனதாகச் சான்றளிக்கிறது. இன்று முதல் குடும்பத்தார் இதைத் தடையின்றி அருந்தலாம்."

ஜீவிதா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் உடைந்து அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

சென்னப்பன் துணியோடு முக்காலியிடம் போனார். செம்பருத்தி பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. டம்ளரில் அவர் கை பட்டது.

"நில்லுங்கண்ணா," என்றாள் சுந்தராம்பாள்.

எட்டு மாதத்தில் அந்த அறையில் அவள் பேசிய முதல் சொல் அது. தலைவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"எனக்கு ஒரு கோரிக்கை இருக்குதுங்க."

"உடன் வந்தவர் வாரியத்திடம் கோரிக்கை வைக்க முடியாதம்மா."

"அந்த டம்ளருங்க..."

"அது தயாரிப்பாளருடைய டம்ளர். விதி பதினைந்து." தலைவருக்குக் கோபமில்லை. விளக்கிச் சொல்வதில் அவருக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி. "அதைப் பற்றி எதுவாக இருந்தாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். இங்கேதானே இருக்கிறார். கேளுங்கள்."

வாசலில் மல்லம்மா ரெஜிஸ்டரைத் திறந்து, அவர் இருக்கிறார் என்பதை உறுதி செய்துகொண்டார்.

சென்னப்பன் டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்தார். சுந்தராம்பாள் எழுந்தாள். "அம்மா, பேடா," என்று ஜீவிதா அவள் முந்தானையைத் தொட்டாள். அவள் அதை மெதுவாக விடுவித்துக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். சால்வை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை இழுத்துச் சரிசெய்தாள். டம்ளரில் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன் வழியாக விழுந்து போட்டோவின் கன்னத்தில் நாவல்பழ நிறத்தில் நின்றது. அவர் ஏதோ கேட்க வந்து நிறுத்திக்கொண்ட முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவர் கேட்க மாட்டார். அவளுக்குத் தெரியும்.

மின்விசிறி சுற்றியது. தலைவர் பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க," என்றாள் சுந்தராம்பாள். குரல் அறையின் கடைசி வரைக்கும் கேட்டது. "எனக்கு ஒரு வாய் ஊத்துங்க."